பெருந்திரையும் ஒற்றைச் சிலம்பும்

திரைப்படம் பார்த்து வெளியே வருவோர் போகிற போக்கில் சொல்லும் கருத்துகளைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அரங்கின் படிக்கட்டில் இறங்கும்போதும் தேநீர்க்கடை வாயிலில் நிற்கும்போதும் உதிரும் அச்சொற்கள் ஆராய்ந்து கூறப்பட்டவை அல்ல. கூறியவரே மறுநாள் அவற்றை மறந்துவிடுவார். ஆயினும், ஒரே கருத்து பல்லாண்டுகளாகப் பலர் வாயிலிருந்து ஏறத்தாழ ஒரே சொற்களில் வருமாயின், அதனுள் ஏதோ ஓர் உண்மை இருத்தல் வேண்டும். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழரிடையே நாம் அடிக்கடி கேட்கும் கருத்து இது: “படம் பிரமாண்டம்தான், ஆனா மனசுல ஒட்டல.”

துறைமுக வேலை முடித்து வந்தவரும் இதைச் சொல்கிறார். பள்ளி ஆசிரியரும் சொல்கிறார். கல்லூரி மாணவியும் சொல்கிறாள். இவர்கள் படத்தைப் பழிக்கவில்லை. கொடுத்த காசு வீண் என்றும் கூறவில்லை. கண் நிறைந்தது, நெஞ்சு நிறையவில்லை என்பதே அவர்கள் சொல்ல வருவது. அது ஏன்? இக்கட்டுரை அந்த ஒரு வரிக்கு நாம் எழுத முயலும் உரையே ஆகும்.

பணயம் என்னும் சொல்

சூதாட்டக் களத்துச் சொல் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். ஆடுவோன் தோற்றால் எதனை இழக்க நேருமோ அதுவே பணயம். கதை எதுவாயினும் அதில் ஒரு பணயம் உண்டு. நாயகன் தோற்றால் என்ன ஆகும் என்னும் வினாவுக்குரிய விடை அது. அவ்விடை வலுவாக இருந்தால் நாம் மூச்சடக்கிக் காத்திருக்கிறோம். வலுவற்றிருந்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

பெரும்பொருட் செலவில் படம் எடுப்போரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது. பணயத்தைப் பெரிதாக்கினால் பரபரப்பும் பெரிதாகும் என்பதே அது. ஆகவே ஓர் ஊர் அழியும் என்றால் போதவில்லை. நாடு அழிய வேண்டும். நாடும் போதாதபோது உலகம் அழிய வேண்டும். கணக்கு நேரானது போலத் தோன்றுகிறது. ஆனால் நம் முன்னோர் கதை சொன்ன முறை இக்கணக்கை ஒப்பவில்லை.

பாரதத்துச் சூதாட்டத்தை எண்ணிப் பார்ப்போம். தருமன் முதலில் செல்வத்தை வைத்து இழக்கிறான். பின்னர் நாட்டை இழக்கிறான். பின்னர்த் தம்பியரையும் தன்னையும் இழக்கிறான். இறுதியில் பாஞ்சாலியை வைக்கிறான். பரப்பால் அளந்தால் நாடே பெரிது. ஆனால் கதையின் ஏற்றம் நாட்டிலிருந்து ஒரு பெண்ணை நோக்கியே செல்கிறது. நாடு போனபோது வருந்தியவர் பாஞ்சாலி வைக்கப்பட்டபோது பதறுகின்றனர். பணயத்தின் பருமன் குறையக் குறைய அதன் எடை கூடுகிறது.

இதற்கு இலக்கணமும் நம்மிடம் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வியப்பாகிய மருட்கை பிறக்கும் இடங்களைக் கூறும்போது புதுமையையும் பெருமையையும் சேர்த்துச் சொல்கிறார். அழுகை பிறக்கும் இடங்களைக் கூறும்போது அப்பெருமைக்கு அங்கே இடம் தரவில்லை. இழிவு, இழப்பு, நிலைகுலைவு, வறுமை என்பனவே அழுகைக்குரியவை. இக்காலப் பெருந்திரை செய்யும் பிழை இவ்விடத்தில் விளங்கும். அது மருட்கைக்குரிய கருவிகளை எல்லாம் திரட்டி வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து அழுகையையும் அச்சத்தையும் கறந்துவிட முயல்கிறது. மலை சரிவதைக் கண்டு வியக்கலாம். மலைக்காக அழ இயலாது. மலையடியில் வாழ்ந்த ஒருவரை அறிந்திருந்தால் மட்டுமே அழ இயலும்.

சிலப்பதிகாரம் இதனினும் தெளிவான சான்று. அதன் பதிகமே கதை முழுவதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்பான் என்பதும் மதுரை எரியும் என்பதும் படிப்பவர்க்குத் தொடக்கத்திலேயே தெரியும். எனினும் வழக்குரை காதையில் நம் நெஞ்சு படபடக்கிறது. அங்கே பணயம் ஒரு காற்சிலம்பு. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அவ்வளவே. அச்சிறு பரல் தெறித்து விழுந்தபோது பாண்டியன் தன் தீர்ப்புப் பிழை என்று அறிகிறான். அறிந்த அக்கணமே உயிர்விடுகிறான். நகரம் எரிவது அதன் பிறகு. காப்பியத்தின் அழிவு சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிகிறது. நம் காலத்துப் பெரும் படமோ முதற்காட்சியிலேயே மதுரையை எரித்துவிட்டுப் பின்னர்ச் சிலம்பைத் தேடுகிறது.

இவற்றால் இரண்டு தெளிவாகின்றன. இழப்பவரை நாம் அறிந்திருக்க வேண்டும். இழந்தது மீளாததாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல் பணயமாக வைக்கப்பட்டது உலகமே ஆனாலும் அது வெறும் எண்ணிக்கையே.

நாயகன் இறக்கலாமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். தமிழ்த் திரையில் நாயகன் இறக்கமாட்டான் என்பது குழந்தைக்கும் தெரியும். இறந்தால் கூட்டம் ஏற்காது. ஆகவே இழப்பைக் காட்டுக என்று கேட்பது தொழில் அறியாதார் பேச்சு என்பர்.

வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1956 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மதுரை வீரன்’ படத்தில் நாயகன் எம்.ஜி.ஆர். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மடிகிறார். அப்படம் பெரும் வெற்றி பெற்றது. நாட்டார் கதையாக ஊரெல்லாம் அறிந்திருந்த முடிவு அது. மக்கள் அம்முடிவைக் காணவே வந்தனர். காவல் தெய்வமாக வணங்கப்படும் ஒருவன் எத்தகைய அநீதியால் தெய்வமானான் என்பதை அவர்கள் கண்முன் காண விரும்பினர். இழப்பைக் கூட்டம் வெறுக்கிறது என்னும் கூற்று இங்கே பொய்த்தது. காரணமற்ற இழப்பையே அது வெறுக்கிறது.

ஆனால் நேர்மையாகப் பேசுவோமாயின் மறுபக்கத்தையும் கூற வேண்டும். 1961 இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளிவந்தபோது வணிக வெற்றி பெறவில்லை. இன்று அதைத் தமிழ்ப் படங்களுள் ஒரு மணி என்று போற்றுகிறோம். சிவாஜி கணேசன் வ.உ.சி.யாக வாழ்ந்தார் என்கிறோம். அன்று அரங்குகள் நிறையவில்லை. எனவே, பணயம் செம்மையாக அமைந்தால் வசூலும் பெருகும் என்று நாம் உறுதி கூற இயலாது. நினைவில் நிற்கும் என்று மட்டுமே கூற இயலும்.

அப்படத்தின் பணயம் யாது? 1906 இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி. வெள்ளையரின் கடல் வாணிகத்தை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் தம் பொருள், தொழில், உடல் அனைத்தையும் ஒரு கப்பலின்மேல் வைத்தார். 1908 இல் அவருக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. தீவாந்தரம் என்னும் அச்சொல்லிலேயே நம் தீவு இருக்கிறது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதால் அவர் இங்கு வரவில்லை; கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறைப்பட்டுச் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. வரவேற்க ஊர் திரளவில்லை. தொழுநோயால் உருக்குலைந்த சுப்பிரமணிய சிவா வந்து நிற்கும் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். அங்கே வெடிச்சத்தம் இல்லை. ஓடும் வண்டி இல்லை. இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். இழந்தவை எவை என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

பெரியது பகையன்று

இவ்வளவு கூறியதால் பெரும் படங்களை நாம் வெறுக்கிறோம் என்று கருத வேண்டா. வாரம் முழுதும் உழைத்தவர் திருவிழாப் போல ஒரு படம் பார்க்க விரும்புவதில் குறையில்லை. தேர் பெரிதாக இருப்பது தவறன்று. தேருக்குள் தெய்வம் இருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

‘டைட்டானிக்’ படத்தைப் பாருங்கள். கப்பல் 1912 இல் மூழ்கியது. 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1997 இல் படம் பார்க்க வந்தவர் எவரும் கப்பல் தப்புமா என்று ஐயுறவில்லை. ஆயினும் மிதக்கும் ஒரு மரத்துண்டில் ஒருவருக்கே இடம் என்னும் நிலை வந்தபோது உலகெங்கும் அரங்குகள் அழுதன. அத்தனை பேரும் மாண்ட கதையில் அழுகை ஒரு மரத்துண்டின் அகலத்தில் வந்து நின்றது.

‘அவெஞ்சர்ஸ்’ வரிசைப் படங்களையும் நம் இளைஞர் தமிழில் பார்த்து மகிழ்ந்தனர். 2018 இல் வந்த பகுதியில் ஒரு விரற்சொடுக்கில் அண்டத்து உயிர்களில் பாதி அழிகிறது. இதனினும் பெரிய பணயத்தை எவர் வைக்க முடியும்? எனினும் அடுத்த பகுதி வரும், போனவர் மீள்வர் என்று பார்த்தவருள் பலர் அரங்கிலேயே பேசிக்கொண்டனர். 2019 இல் வந்த அடுத்த பகுதியில் அவ்வாறே மீண்டனர். மீளாதவருள் ஒருவன் டோனி ஸ்டார்க். அந்த ஒருவனுக்கே கண்ணீர் வந்தது. பாதி அண்டத்துக்கு வராத கண்ணீர் ஒரு மனிதனுக்கு வந்தது ஏன் என்று எடுத்தவர்களும் எண்ணிப் பார்த்திருப்பர். தமிழிலும் இப்போது ஒவ்வொரு பெரும் படமும் அடுத்த பாகத்துக்கு இடம் வைத்தே முடிகிறது. அடுத்த பாகத்தில் வந்தே தீர வேண்டிய நாயகன் இந்தப் பாகத்தில் எதனையும் முழுதாக இழக்க இயலாது. முன்னமே காப்பீடு செய்யப்பட்ட பணயம் பணயமாகாது.

பெரியதும் ஒட்டியதுமான படத்துக்கு அண்மைச் சான்று ‘பாகுபலி’. 2015 இல் வந்த முதற்பகுதி, கட்டப்பா பாகுபலியைக் கொன்றான் என்னும் செய்தியோடு முடிந்தது. ஏன் கொன்றான் என்னும் வினா 2017 இல் இரண்டாம் பகுதி வரும்வரை நாடெங்கும் பேசப்பட்டது. நம் ஊர்த் தேநீர்க்கடைகளிலும் பேசப்பட்டது. இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பாகுபலி இறந்தது முன்பே தெரிந்துவிட்டது. பிழைப்பானா என்னும் வினாவுக்கு இடமே இல்லை. அத்தனை ஆயிரம் போர்வீரர் மோதிய படத்தில் மக்கள் மனத்தில் தங்கியது ஒரு முதிய ஊழியனின் மனச்சான்று. அரியணைக்குக் கொடுத்த வாக்கா, தூக்கி வளர்த்த பிள்ளையா என்று அவன் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எதைத் தேர்ந்தாலும் மற்றதை இழப்பான். நாம் முன்னர்க் கூறிய இரண்டோடு மூன்றாவதாக இதனையும் சேர்க்கலாம்: இழப்பவன் தானே தெரிந்து இழக்க வேண்டும்.

நம் தீவைக் காட்டிய இரு படங்கள்

இவ்வளவைக்கொண்டு நம் தீவுகளைக் களமாகக்கொண்ட படங்களை அளந்து பார்ப்போம். 1978 இல் முக்தா சீனிவாசன் இயக்கத்தில் வந்த ‘அந்தமான் காதலி’ நம்மவர் பலர்க்கு இன்றும் இனிய நினைவு. அதனைத் தலைசிறந்த படம் என்று நாம் வாதிட வரவில்லை. மிகையான நடிப்பும் தற்செயல் நிகழ்ச்சிகளும் அதிலும் உண்டு. ஆனால் அதன் பணயம் ஒரு குடும்பத்துக்குள் அடங்கியது. பிரிந்துபோன துணைவி, தந்தைமீது சினம்கொண்டு வளர்ந்த மகன், காலங்கடந்து வந்து நிற்கும் தந்தை. மகன் ஏற்பானா மறுப்பானா என்பதே வினா. சென்னைக்கும் இத்தீவுக்கும் இடையே கப்பலில் மூன்று நாள் பயணம். குடும்பத்தைக் கரையில் விட்டு வந்தவர்க்கும், கடிதத்துக்குக் காத்திருந்தவர்க்கும் அக்கடல் எத்தகைய பிரிவு என்று தெரியும். படத்தில் கடல் அழகுக்காகக் காட்டப்பட்டது. நம்மவர் கண்ணில் அது தொலைவாகத் தெரிந்தது. படம் ஒட்டியதற்கு அதுவே காரணம்.

1996 இல் பிரியதர்சன் இயக்கிய ‘சிறைச்சாலை’ மலையாளத்தில் ‘காலாபானி’ என வந்தது. மோகன்லாலும் பிரபுவும் தபுவும் நடிக்க, இளையராஜா இசையமைக்க, சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்த இப்படம் செல்லுலர் சிறையின் கொடுமையைப் பெருந்திரையில் காட்டியது. ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் தேசிய விருதுகள் பெற்றது. 1906 இல் கட்டி முடிக்கப்பெற்ற அச்சிறையின் ஏழு கிளைகளுள் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. அதன் நிழலில் வாழும் நமக்கு இப்படம் வெறும் பொழுதுபோக்கன்று.

அதன் முற்பகுதியில் பணயம் மிகச் செம்மையாக அமைந்துள்ளது. குற்றமற்ற ஒரு மருத்துவன் மணக்கோலத்தில் கைதாகிறான். ஊரில் ஒருத்தி காத்திருக்கிறாள். பல்லாண்டு கழித்து 1965 இல் இளைஞன் ஒருவன் அவன் கதியை அறியத் தீவுக்கு வருகிறான். காத்திருப்பவளுக்கு என்ன விடை கொண்டுசெல்வான் என்னும் அச்சம் படம் முழுதும் அடியில் ஓடுகிறது. அது ஒரு சிலம்பளவு பணயம், அதனால்தான் கனக்கிறது.

பிற்பகுதியில் படம் வேறு வழி செல்கிறது. நாயகன் தன்னை வதைத்தோரைப் பழிதீர்த்துவிட்டே தூக்குமேடைக்குச் செல்கிறான். அரங்கில் கைதட்டல் எழுந்தது உண்மை. ஆனால் சிறை வரலாறு அக்கைதட்டலைத் தரவில்லை. டேவிட் பாரி என்னும் சிறை அதிகாரியை எந்தக் கைதியும் கொன்றதில்லை. அக்கைதிகளிடம் இருந்த படைக்கலம் ஒன்றே: உணவை மறுத்தல். பின்னாளில், 1933 உண்ணாநோன்பில், மகாவீர் சிங், மோகித் மோய்த்ரா, மோகன் கிசோர் நாமதாஸ் ஆகிய மூவர் உயிர்விட்டனர். பழிதீர்க்க இயலாத நிலையில், தம் உடலையே பணயமாக வைத்தவர் அவர். திரைப்படம் பழிதீர்க்கும் மனநிறைவை நமக்கு அளித்தவுடன் இழப்பின் எடை குறைந்துவிடுகிறது. கணக்குத் தீர்ந்தது என்னும் எண்ணத்தோடு நாம் வீடு செல்கிறோம். உண்மையில் அக்கணக்குத் தீரவே இல்லை.

அலையும் அதன் கணக்கும்

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு இப்போது வருகிறோம்.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. நிக்கோபார்த் தீவுகளை அலை அடையச் சில நிமிடங்களே ஆயின. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது. இத்தீவுக் கூட்டத்தில் மாண்டோரும் காணாமற்போனோரும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் மிகப் பலரைக் கச்சால் இழந்தது. அக்கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில்தான் 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் சிலர் குடியமர்த்தப்பெற்றிருந்தனர். ஒருமுறை வேரோடு பிடுங்கி நடப்பட்டவர் இரண்டாம் முறையும் வேரிழந்தனர்.

மூன்றரை ஆண்டு கழித்து, 2008 சூனில், ‘தசாவதாரம்’ வெளிவந்தது. கே.எஸ். ரவிகுமார் இயக்க, கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்த படம். அதன் உழைப்பையும் துணிவையும் எவரும் மறுக்க இயலாது. கதையின் பணயம் ஒரு சிறு குப்பி. அதனுள் இருக்கும் நோய்க்கிருமி வெளிப்பட்டால் பல இலட்சம் மக்கள் மாள்வர். நாயகன் அதனைக் காக்க நாடெங்கும் ஓடுகிறான். இறுதியில் கடற்கரையில் பகைவன் அதனை விழுங்கிவிடுகிறான். எல்லாம் முடிந்தது என்னும் வேளையில் ஆழிப்பேரலை வருகிறது. கடல் நீரின் உப்பு கிருமியை அழிக்கிறது. உலகம் பிழைக்கிறது.

படம் இத்தீவில் காட்டப்பெற்றபோது, அலைக்காட்சி தொடங்கியதும் நமக்கு அருகில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து வெளியே சென்றார். கச்சாலிலிருந்து பெயர்ந்து வந்தவர் அவர் என்பதை நாம் அறிவோம். படம் முடிந்து வந்தபோது படிக்கட்டில் அமர்ந்திருந்தார். “என்ன ஐயா, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டோம். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. “அப்ப அந்த அலை நல்லதுக்குத்தான் வந்துச்சுன்னு சொல்றாங்களா, தம்பி?” என்று கேட்டார்.

நமக்கு விடை தெரியவில்லை. ஆனால் அவ்வினா அன்றிலிருந்து நம்மை விட்டு நீங்கவில்லை. அப்படத்தைப் பற்றி நாம் படித்த விமரிசனங்கள் எவையும் அதனளவு ஆழமாகக் கேட்கவில்லை.

அவர் கேட்டது இதுதான். படம் ஒரு தட்டில் கற்பனையான பல இலட்சம் உயிர்களை வைக்கிறது. அவர்களுள் ஒருவரையும் நாம் பார்த்ததில்லை. ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. மற்றொரு தட்டில் உண்மையாக மாண்டவர் வைக்கப்படுகின்றனர். தமிழகக் கரையில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். இங்கே மூவாயிரத்துக்கு மேல். கற்பனைத் தட்டு கனமானது என்று தராசு காட்டுகிறது. ஆக, மாண்டவர் ஒரு விலையாகிவிடுகின்றனர். எவரும் அவர்களைக் கேட்டு அவ்விலையை வைக்கவில்லை. தானே தெரிந்து இழத்தலே பணயத்துக்கு மாண்பு என்று மேலே கூறினோம். இங்கே இழந்தவர் வேறு. ஆட்டத்தில் வென்றவர் வேறு.

படமே இவ்வினாவை எழுப்பாமலில்லை என்பதையும் கூறியாக வேண்டும். கடவுள் இருந்து காத்தார் எனின் இத்தனை பேரை ஏன் மாய்த்தார் என்னும் பொருள்பட நாயகன் பேசுகிறான். எழுதியவர்க்கு இச்சிக்கல் தெரிந்தே இருந்தது. ஆயினும் கதையின் பொறி முன்னரே சுழன்று முடிந்துவிட்டது. கிருமி அழிந்தது, நாயகன் நாயகியோடு நிற்கிறான். வினா ஓர் உரையாடலாக நின்றது. நிகழ்ச்சியாக நெஞ்சில் இறங்கவில்லை.

வியப்பு என்னவெனில், அதே படத்தில், அதே அலையின் நடுவே, நாம் தேடும் சிலம்பும் கிடக்கிறது. ஆற்று மணல் கொள்ளையை எதிர்த்துப் போராடும் பூவராகன் அலையிலிருந்து சிறுவரைக் காப்பாற்றி உயிர்விடுகிறார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அவர் உடலை, நினைவு தடுமாறிய அக்ரகாரத்து மூதாட்டி கிருஷ்ணவேணி, என்றோ இறந்துபோன தன் மகன் ஆராவமுதனே என்று எண்ணி அணைத்து அழுகிறாள். இருவராகவும் நடித்தவர் ஒருவரே என்பது அக்கணத்தில் நமக்கு நினைவுக்கு வருவதில்லை. அவள் அறியாமல் செய்த அச்செயலில் நூற்றாண்டுகளின் தீண்டாமை ஒருகணம் கரைகிறது. பூவராகனை நாம் அறிவோம், அவர் தானே தெரிந்து நீரில் இறங்கினார், அவர் மீளவில்லை. நாம் கூறிய மூன்றும் அங்கே உள்ளன. இன்றும் அப்படத்தைப் பற்றிப் பேசும் நம்மவர் குப்பியைப் பற்றிப் பேசுவதில்லை. பாட்டி அழுத காட்சியையே சொல்கின்றனர். போகிற போக்கில் சொல்லப்படும் கருத்துக்கு இவ்வளவு கூர்மை உண்டு.

எடுக்க வருவோர்க்கு

2024 இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்றது. பெயர் மாறினும் கடல் மாறவில்லை. நம் தீவுகளின் நீலக்கடலைப் படம்பிடிக்கக் கலைஞர் இனியும் வருவர், வர வேண்டும். அவருள் எவரேனும் அந்த டிசம்பர்க் காலையைக் கதையாக்க எண்ணுவாராயின், அவர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே. அலை எத்தனை அடி உயர்ந்தது என்று தொடங்க வேண்டா. கிறிஸ்துமசுக்கு மறுநாள் விடியலில், கச்சாலில் ஒரு வீட்டில் யார் யார் உறங்கிக்கொண்டிருந்தனர், யார் கரைப்பக்கம் போயிருந்தார் என்று தொடங்கட்டும். அவ்வீட்டை நாம் அறிந்துகொள்ள அரைமணி நேரம் தரட்டும். பிறகு அலையைக் காட்டுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியிராது. யாரேனும் ஒருவர் பெயரை உரக்கக் கூப்பிட்டு, விடை வராமல் நிற்பதைக் காட்டினால் போதும்.

பார்ப்பவர்க்கும் ஒன்று கூறுவோம். பெரும் படம் பார்த்து வெளியே வந்து ஒட்டவில்லை என்று சொல்லும்போது அதோடு நிறுத்தாமல், இப்படத்தில் யார் எதனை மீளாமல் இழந்தார் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். விடை உடனே வருமாயின் படம் ஒட்டியிருக்கும். விடை வராதாயின் குறை உங்கள் நெஞ்சில் இல்லை.

கச்சாலிலிருந்து வந்த அம்முதியவர் இப்போது இல்லை. அவர் வினாவுக்கு நாம் அன்று சொல்லாத விடையை இன்று இங்கே எழுதுகிறோம். இல்லை ஐயா, அந்த அலை நல்லதுக்கு வரவில்லை. அது எதற்காகவும் வரவில்லை. போனவர்கள் எந்தக் கதையின் வெற்றிக்கும் விலையாக மாட்டார்கள்.